மாதிரிக் குடும்பத்தின் தகப்பன்

ஒரு வீடியோ கேமைக் குடும்பத்தோடு உட்கார்ந்து ஆடலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்வதற்கு முதலில் ஒரு குடும்பம் வேண்டும். ராயபுரத்தில் இருக்கும் குடும்ப விளையாட்டுத் தகுதி மன்றம் அதற்காக நாளிதழில் விளம்பரம் கொடுத்தது. முப்பத்தொரு குடும்பங்கள் நேர்காணலுக்கு வந்தன. காத்திருக்கும் அறையிலேயே பதினெட்டுக் குடும்பங்கள் சண்டை போட்டுக்கொண்டன. மீதிப் பதின்மூன்றில் பிள்ளைகள் கைப்பேசியை விட்டுத் தலையைத் தூக்கவில்லை, பெற்றோரும் தூக்கவில்லை. நிஜக் குடும்பம் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று மன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. பிறகு தகப்பன் ஒருவர், தாய் ஒருவர், பிள்ளை ஒருவர் என்று தனித்தனியாக ஆள் எடுத்து, மாதிரிக் குடும்பம் ஒன்றைத் தானே உண்டாக்கிக்கொண்டது.

அதில் தகப்பன், தண்டையார்பேட்டை ஜெயவேல்.

ஜெயவேலுக்கு ஐம்பத்தாறு வயது. துறைமுகத்தில் கப்பலில் ஏற்றிய பெட்டிகளைக் கம்பியாலும் கயிற்றாலும் இறுக்கிக் கட்டும் வேலையில் முப்பது வருஷம் இருந்தவர். தகப்பன் பதவிக்கு மன்றம் கேட்ட தகுதிகள் மூன்றுதான். ரேஷன் கார்டு, எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும் குடும்பப் புகைப்படம், 'என் வீட்டில் இதுநாள்வரை குரல் உயர்ந்ததில்லை' என்று நோட்டரி முன்னால் ஒரு பிரமாணப் பத்திரம். கார்டு இருந்தது. புகைப்படத்துக்கு ஸ்டூடியோக்காரர் சிரிக்கவைத்தார். பத்திரத்தை நோட்டரி முன்கூட்டியே நூறு பிரதி அடித்து வைத்திருந்தார், கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. ஜெயவேல் போட்டார். போடும்போது நெஞ்சுக்குள் ஏதோ குறுகுறுத்தது. வாசலில் டீ குடித்ததும் சரியாகிவிட்டது.

உண்மையைச் சொல்லிவிடுவோம், நமக்கென்ன பதவியா போகப்போகிறது. ஜெயவேல் பத்தொன்பது வருஷம் குடித்தவர். நாலு வருஷத்துக்கு முன்னால் நிறுத்தினார். மனசாட்சி சொல்லி நிறுத்தினார் என்று எழுத ஆசைதான். கல்லீரல் சொல்லித்தான் நிறுத்தினார். அதற்கப்புறம் அந்த வீட்டில் அந்தப் பத்தொன்பது வருஷத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மனைவி பச்சையம்மா பேசவில்லை. மகள் யசோதரா பேசவில்லை. பேசாமல் இருப்பதை ஜெயவேல் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டார். வசதியான கணக்கு.

யசோதராவுக்கு இருபத்தைந்து வயது. தண்டையார்பேட்டையிலேயே ஒரு பழைய கிடங்கை வெள்ளையடித்து, ஏசி மாட்டி, வீடியோ கேம் செய்யும் கம்பெனி ஒன்று வைத்திருந்தார்கள். அங்கே வேலை. மூன்று வருஷமாக ஒரே ஒரு கேமைச் செய்துகொண்டிருந்தாள். "இன்னா கேமுமா அது?" என்று ஜெயவேல் ஒருமுறை கேட்டார். "ஒரு வூடு, நைனா" என்றாள். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை. வீடு கட்டுகிற கேமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவர் மன்றத்துக்குப் புறப்பட்டபோது யசோதரா வாசல் வரைக்கும் வந்தாள். வழக்கமில்லாத வழக்கம்.

"இன்னிக்கி ஒயுங்கா பாரு நைனா" என்றாள்.

"எத?"

"எது வந்தாலும்."

மொபெட்டை உதைத்துக் கிளம்பிய ஜெயவேலுக்கு அது கல்மண்டபம் வந்து சேர்வதற்குள் மறந்துவிட்டது.

மன்றம் இருப்பது ஒரு சரக்குக் கிடங்கின் மாடியில். ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். கண்டெய்னர் லாரி போனால் கட்டடம் உதறும். உள்ளே நடுக்கூடத்தில் ஒரு சோபா, ஒரு டீப்பாய், டீப்பாய்மேல் தட்டு நிறைய முறுக்கு. 'இல்லச் சூழல்' என்று சட்டத்தில் இருப்பதால் முறுக்கு. அதைத் தின்னக்கூடாது. எட்டு மாதமாக அதே முறுக்கு இருந்தது, மாதா மாதம் எண்ணிக் கையெழுத்து வாங்குவார்கள்.

சோபாவில் இடப்பக்கம் தகப்பன். வலப்பக்கம் தாய். தாயாக நியமிக்கப்பட்டவர் ஷரீஃபுன்னிசா, பழைய வண்ணாரப்பேட்டையில் நைட்டி தைக்கும் யூனிட்டில் இருபது வருஷம் தைத்துக் கண் கெட்டுப்போனவர். முதல் நாள் அவர் ஜெயவேலை "அண்ணே" என்று கூப்பிட்டுவிட்டார். கணவனை அண்ணே என்று கூப்பிடுவது குடும்பத்தின் அடித்தளத்தையே ஆட்டும் என்று செயலாளர் குறிப்பு எழுதினார். அன்றிலிருந்து சோபாவில் உட்கார்ந்திருக்கும் நேரம் அவர் ஜெயவேலை எப்படியும் கூப்பிடுவதில்லை. ராயபுரத்து உண்மையான தம்பதிகள் பலபேர் அப்படித்தான் என்பதால் அது மிகவும் இயல்பாக இருப்பதாகத் தலைவர் பாராட்டினார்.

நடுவில் பிள்ளை. பிள்ளை லட்சுமணனுக்கு நாற்பத்தொரு வயது, மன்றத்தின் கடைநிலை ஊழியர். சான்றிதழ் வாங்காத கேமைக் குழந்தைகளுக்குக் காட்டுவது குற்றம். குழந்தை பார்க்காமல் சான்றிதழ் கொடுப்பதும் குற்றம். இரண்டு குற்றத்துக்கும் நடுவில் லட்சுமணன் அகப்பட்டார். அரைக்கால் சட்டை போட வேண்டும் என்றார்கள். அவர் தொழிற்சங்கத்துக்குப் போனார். பேச்சுவார்த்தைக்குப் பிறகு கழுத்தில் ஒரு டையும் தோளில் ஒரு வாட்டர் பாட்டிலும் என்று உடன்பாடு ஏற்பட்டது.

எதிரே மேசை. மேசைக்குப் பின்னால் தலைவர் அலெக்ஸாண்டர், எந்தத் துறையில் ஓய்வு பெற்றார் என்று அவருக்கே சரியாக நினைவில்லாத பெரிய அதிகாரி. அறையில் ஐந்து பேர்தான் என்றாலும் மைக்கில்தான் பேசுவார். அவர் பக்கத்தில் செயலாளர் மகிமா. அவர் கையில் ஒரு வண்ண அட்டை, பெயிண்ட் கடையில் காட்டுவார்களே, அந்த மாதிரி. கேமில் ரத்தம் வந்தால் அட்டையோடு ஒப்பிடுவார். சிவப்பு என்றால் முதிர்ச்சிக்கான 'மு' முத்திரை. பச்சை, நீலம், மஞ்சள் என்றால் குடும்பத்துக்கான 'கு' முத்திரை. 'கு' வாங்கினால் பள்ளிக்கூடம், திருவிழா, கடை என்று எங்கேயும் போகலாம். 'மு' வாங்கினால் கறுப்பு உறையில் போட்டு, ஆதாரைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். அதனால் 'மு' வாங்கிய கேமைக் கம்பெனிகள் பரணில் போட்டுவிட்டு, அதைச் செய்த ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மன்றம் செய்த சேவைகள் கொஞ்சநஞ்சமல்ல. போன மாதம் புதுமணத் தம்பதி குடித்தனம் நடத்தும் கேம் ஒன்று வந்தது. வீட்டில் ஒரே ஒரு கட்டில் இருந்தது. மன்றம் இரண்டு கட்டில் போடச் சொன்னது. போட்டார்கள். நடுவில் திரை கேட்டது. கட்டினார்கள். திரை காற்றில் ஆடியதால் சுவர் எழுப்பச் சொன்னது. கடைசியில் கணவனுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நிரந்தர நைட் ஷிப்டு போட்டுக் கொடுத்த பிறகே 'கு' கிடைத்தது. கேமின் மூன்றாவது கட்டத்தில் அந்தத் தம்பதிக்குக் குழந்தை பிறந்தது. எப்படி என்று மன்றம் கேட்கவில்லை.

அன்று காலையில் முதலில் வந்தது ஒரு கரடி. கரடி ஒரு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போகிறது. முயல், மான், நரி, தபால்காரர் என்று எதிரில் வருகிற யாரையும் விடுவதில்லை. சுடப்பட்டவர்களிடமிருந்து பச்சை நிறத்தில் ஜெல்லி கொட்டியது. ஜெயவேல் பத்து நிமிஷம் சுட்டார். ஷரீஃபுன்னிசா கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுட்டார். லட்சுமணன் விதிப்படி கைதட்டினார்.

"மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு சார்" என்றார் மகிமா. "எல்லாம் பச்சை."

தலைவர் மைக்கைத் தட்டினார். "நல்ல கேம். ஆனால் சுட்டுவிட்டு அப்படியே போய்விடுகிறதே, பண்பாடு எங்கே? ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கரடி 'நன்றி, வணக்கம்' என்று சொன்னால் குழந்தைகள் நாலு நல்ல வார்த்தை கற்றுக்கொள்ளும். அந்தத் திருத்தத்தோடு 'கு' வழங்கலாம்."

முத்திரை விழுந்தது. டீ வந்தது. இரண்டாவது கேமுக்குப் பெயர் இல்லை, விதிப்படி எண் மட்டும்தான்: எழுபத்தேழு.

திரையில் ஒரே ஓர் அறை. குடிசை மாற்று வாரியத்துக் கீழ்த்தளத்து வீடு. மூலையில் நீல டிரம், அடுப்படியில் ஓர் அம்மா, தரையில் இரட்டைச் சடையோடு ஒரு சின்னப் பெண் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறாள். எதிரே கதவு. கதவில் தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நீல நைலான் கயிறு ஒன்று கட்டியிருந்தது.

ஜெயவேல் முன்னால் குனிந்தார். கப்பலில் சரக்குக் கட்டுகிறவர்கள் போடும் முடிச்சு அது. இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, மிச்ச வாலை வலப்பக்கம் விடுவார்கள். திரையில் இருந்த முடிச்சுக்கு வால் இடப்பக்கம் தொங்கியது. துறைமுகத்தில் அப்படிக் கட்டுகிற ஆள் ஒரே ஒருவர்தான், ஏனென்றால் அவர் இடக்கைக்காரர். அந்தத் தாழ்ப்பாளை ஒரு நாள் உதைத்து உடைத்தவரும் அவர்தான்; மறுநாள் காலையில் தலைவலியோடு கயிறு கட்டியவரும் அவர்தான். அந்தக் கயிறு இன்னும் ஜெயவேல் வீட்டுக் கதவில் இருக்கிறது.

அவருக்குக் காலையில் மகள் சொன்னது இப்போது நினைவுக்கு வந்தது.

"ஆடுங்கள், ஜெயவேல் அவர்களே" என்றார் தலைவர். குடும்ப வரிசைப்படி முதலில் தகப்பன்தான் ஆட வேண்டும்.

திரையில் எழுத்து வந்தது: 'நைனா வர்றாரு. இன்னா பண்ணுவ?' கீழே இரண்டு பொத்தான். ஒன்று, 'படிச்சிகினு இரு'. இன்னொன்று, 'தட்டை ஒளி'. தெரு தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. ஒரு மொபெட் சந்துக்குள் வந்து வாசலில் நின்றது. ஸ்டாண்டு தடால் என்று விழுந்தது. இவ்வளவு முரட்டுத்தனமாக வருகிறானே என்று ஜெயவேல் 'தட்டை ஒளி'யை அழுத்தினார். அம்மாவும் பெண்ணும் தட்டுகளை வாரிக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டார்கள். கதவு திறந்தது. இரண்டு கால்கள் மட்டும் உள்ளே வந்தன. ஒரு கை பொட்டலம் ஒன்றைத் தரையில் வைத்தது. வெகுநேரம் யாரும் கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வரவில்லை. 'பக்கோடா ஆறிப்போச்சு. திரும்ப ஆடு' என்றது திரை.

மறுபடியும் ஆடினார். இந்த முறை மொபெட் சந்து முனையிலேயே அணைந்துவிட்டது. யாரோ அதைத் தள்ளிக்கொண்டு வரும் சத்தம். ஸ்டாண்டு விழவில்லை, மெதுவாக, பூனை இறங்குவதுபோல, ஸ்பிரிங் மட்டும் கிறீச்சிட இறங்கியது. இவ்வளவு பதவிசாக வருகிற மனிதன் என்ன செய்துவிடப் போகிறான்? ஜெயவேல் 'படிச்சிகினு இரு'வை அழுத்தினார்.

திரை கறுத்தது. இருட்டுக்குள் ஒரு எவர்சில்வர் தட்டு விழுந்தது. விழுந்த தட்டு சுழன்றது. சுழன்று சுழன்று வெகுநேரம் கழித்து நின்றது. வேறெதுவும் இல்லை. 'திரும்ப ஆடு.'

அவருக்குப் புரிந்துவிட்டது. போதை ஏறிய அன்றெல்லாம் தான் எவ்வளவு ஜாக்கிரதையாக, யாருக்கும் தெரியாமல், சத்தமில்லாமல் வீட்டுக்கு வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தமில்லாத சத்தத்தைத்தான் அவர்கள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். புரிந்த பிறகும் அவர் விரல் சரியான பொத்தானுக்குப் போகவில்லை. ஸ்டாண்டு மெதுவாக இறங்கும் ஒவ்வொரு தடவையும் 'படிச்சிகினு இரு'வையே அழுத்தினார். ஒரே ஒரு தடவையாவது அந்த மனிதன் சும்மா உள்ளே வந்துவிட மாட்டானா என்று பார்த்தார். வரவில்லை. ஆறு தட்டு விழுந்தது.

"தகப்பனுக்குக் கேம் வரவில்லை" என்று மகிமா எழுதிக்கொண்டார். "தாய்."

ஷரீஃபுன்னிசா கருவியை வாங்கினார். மெதுவான ஸ்டாண்டு. தட்டை ஒளித்தார். தடால். படித்துக்கொண்டிருந்தார், அப்பா பக்கோடாவோடு வந்தார், பெண் சிரித்தது. மெதுவாக. ஒளித்தார். ஒரு தப்புக்கூட இல்லாமல் கடைசிக் கட்டம் வரைக்கும் போய்விட்டு, கருவியை லட்சுமணன் மடியில் வைத்தார். லட்சுமணனும் வாட்டர் பாட்டிலைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு ஒரே மூச்சில் ஜெயித்தார். சந்தேகத்துக்கு மகிமாவும் ஒரு முறை ஆடினார். அவர் கோப்பிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. சத்தத்தை மட்டும் கேட்டு அழுத்தினார். அவரும் ஜெயித்தார்.

தலைவர் ஆடுவதில்லை. தலைவர்கள் தீர்ப்பு மட்டும் சொல்வார்கள்.

"இது சாதாரணக் குடும்பங்களுக்குப் புரியாத கேம்" என்றார்.

"சார், தகப்பனைத் தவிர எல்லாரும் ஜெயிச்சிட்டோம்" என்றார் மகிமா.

கீழே ஒரு கண்டெய்னர் லாரி போயிற்று. முறுக்குத் தட்டு அதிர்ந்தது.

"குருதி?"

"பூஜ்யம் சார்."

"துப்பாக்கி? கெட்ட வார்த்தை? படுக்கை?"

"பூஜ்யம். கட்டிலுக்கு மேல யாருமே படுக்கல சார். அடியிலதான். அட்டவணைப்படி இதுக்கு 'கு' குடுத்தே ஆகணும்."

தலைவர் எழுந்து நின்றார். மைக்கையும் கூடவே எழுப்பினார்.

"நண்பர்களே, அட்டவணை என்பது மனிதன் போட்டது, குடும்பம் என்பது கடவுள் போட்டது. கரடி நானூற்றுப் பன்னிரண்டு பேரைச் சுட்டது, மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒருவரையாவது வீட்டுக்குள் வைத்துச் சுட்டதா? எல்லாரையும் வெளியில்தான் சுட்டது. அதுதான் குடும்பப் பண்பு. நம் தமிழ்க் குடும்பத்தில் தகப்பன் வீடு திரும்புவது ஒரு மங்கல நிகழ்ச்சி. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் வாசலில் கால் வைத்தால் என் வீட்டில் ஒரு சத்தம் இருக்காது. டிவி நின்றுவிடும். பேரப்பிள்ளைகள் அவரவர் அறைக்குப் போய்விடுவார்கள். என் மனைவி முப்பத்தேழு வருஷமாக என் எதிரில் உட்கார்ந்ததில்லை. அவ்வளவு மரியாதை. இதையெல்லாம் விட்டுவிட்டு, ஒரு குழந்தை தட்டை ஒளிக்கிறது என்று காட்டினால் அது முதிர்ச்சி. முதிர்ச்சியைக் குடும்பத்துக்கு வெளியில் போய்த்தான் அடைய வேண்டும். குடும்பத்துக்குள் கொண்டுவரக் கூடாது."

இதைக் கேட்டு லட்சுமணன் கைதட்டினார். எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்று அவருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"ஆனால் சர்வாதிகாரமாக நான் எதையும் செய்யமாட்டேன். விதி பதினான்கு இருக்கிறது. அட்டவணையில் ஐயம் வந்தால் குடும்பத் தகப்பன் சொல்வதே இறுதி. ஜெயவேல் அவர்களே, உங்கள் பிரமாணப் பத்திரம் எங்கள் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. அதை நினைவில் வைத்துச் சொல்லுங்கள். இப்படி ஒரு வீட்டில் நடக்குமா? நடக்கும் என்றால் 'கு'. நடக்காது என்றால் 'மு'. ஒரே வார்த்தை போதும்."

ஒரே வார்த்தைதான். ஜெயவேல் திரையைப் பார்த்தார். அந்தப் பெண் சடையைப் பின்னால் தள்ளிவிட்டு எழுதிக்கொண்டே இருந்தாள். மூன்று வருஷம். 'நடக்கும்' என்று சொன்னால் அவளுடைய மூன்று வருஷம் பிழைக்கும். சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்கள். பத்திரத்தை எடுப்பார்கள். லட்சுமணன் பார்ப்பார், ஷரீஃபுன்னிசா பார்ப்பார். இந்தப் பதவி போனால் போகட்டும், அது பெரிதில்லை. தன் வாயால் அதைச் சொல்லி, தன் காதால் கேட்க வேண்டுமே, அதற்குத்தான் அவருக்குத் தைரியம் இல்லை. முப்பது டன் பெட்டியைக் கட்டிய கை டீப்பாய்மேல் முறுக்குத் தட்டுப் பக்கம் போயிருந்தது. முறுக்கின்மேல் பட்டுவிடாமல் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்டிலாம் நடக்காது சார்" என்றார். "எங்க வூட்ல சத்தியமா கிடையாது."

சத்தியம் யாரும் கேட்கவில்லை. அவராகத்தான் போட்டார்.

தலைவர் நெகிழ்ந்துபோனார். பீரோவிலிருந்து பொன்னாடையை எடுத்துவரச் சொல்லி, 'சிறந்த தகப்பன்' என்று ஜெயவேலுக்குப் போர்த்திப் படம் எடுத்துக்கொண்டார். படம் எடுத்ததும் லட்சுமணன் பொன்னாடையைத் திரும்ப வாங்கி, மடித்து, பீரோவில் வைத்துப் பூட்டினார். மன்றத்துக்கு இருப்பது ஒரே பொன்னாடை.

தீர்மானத்தை மகிமா வாசித்தார். எழுபத்தேழாம் எண் கேமுக்கு 'மு'. ஆயினும் மன்றம் கருணையுள்ளது. கேமில் வரும் தகப்பனைக் கரடியாக மாற்றி, ஸ்டாண்டு சத்தத்துக்குப் பதில் புல்லாங்குழலும், தட்டுக்குப் பதில் பூவும் வைத்தால் 'கு' தருவது பரிசீலிக்கப்படும். தகப்பன் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே தாய் போட்டார். அதற்குக் கீழே பிள்ளை போட்டார்.

மாடிப்படி இறங்கும்போது ஷரீஃபுன்னிசா பின்னாலேயே வந்தார். சோபாவை விட்டு இறங்கியாயிற்று, இனி அண்ணே என்று கூப்பிடலாம்.

"எங்க வூட்ல வண்டி கிடையாது அண்ணே. செருப்புதான்" என்றார். "அந்த ஆளு செருப்ப உதறிட்டு வந்தா ஒண்ணும் இல்ல. ஓரமா ஜோடி சேத்து, அயகா வெச்சாருன்னு வெச்சிக்கோங்க, நானு புள்ளைங்கள இஸ்துகினு பக்கத்து வூட்டுக்குப் பூடுவேன்."

"அப்பால ஏம்மா கையெழுத்து போட்ட?"

"நீங்க மேல போட்டீங்க. உங்களுக்குக் கீயதான எனக்கு எடம்." இரண்டு படி இறங்கி நின்றார். "எல்லாருக்கும் தெரிஞ்சது. அந்தச் சத்தம் உங்களுக்கு மட்டும் எப்டி அண்ணே தெரியாம பூடுச்சு?"

ஜெயவேல் சட்டைப் பையில் மொபெட் சாவியைத் தேடினார். ஷரீஃபுன்னிசா அவர் முகத்தையே பார்த்தார். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வேறொன்றும் கேட்காமல் இறங்கிப் போய்விட்டார்.

கல்மண்டபத்தில் ஜெயவேல் சூடாகக் கால் கிலோ பக்கோடா வாங்கினார். ஏன் வாங்குகிறோம் என்று தெரிந்தேதான் வாங்கினார், அதனால் இன்னும் வெட்கமாக இருந்தது. சூரியநாராயண தெரு முழுக்க லாரிகளுக்கு நடுவில் மொபெட்டை ஓட்டிக்கொண்டு வரும்போது மகளிடம் எதைச் சொல்வது என்று மனசுக்குள் பத்து விதமாகச் சொல்லிப் பார்த்தார். பத்தும் பொய்யாக இருந்தன. பதினோராவது உண்மையாக இருந்தது. அதை அவரால் முழுதாகச் சொல்லிப் பார்க்கக்கூட முடியவில்லை.

வீடு வந்தபோது மாலை ஆறரை. மகள் வீட்டில் இருப்பாள். அவள் முகத்தில் விழிப்பதற்கு இன்னும் இரண்டு நிமிஷம் கிடைத்தால் நல்லது என்று அவருக்குத் தோன்றியது. சந்து முனையிலேயே மொபெட்டை அணைத்துவிட்டார். தள்ளிக்கொண்டு வந்தார். வாசலில் ஸ்டாண்டைக் காலால் தள்ளாமல், குனிந்து கையால் பிடித்து, மெதுவாக இறக்கினார். ஸ்பிரிங் மட்டும் கிறீச்சிட்டது.

உள்ளே டிவி நின்றது.

பிறகு எவர்சில்வர் தட்டுகளை அலமாரியிலிருந்து எடுக்கும் சத்தம். சத்தம் என்று சொல்ல முடியாது. ஒன்றின்மேல் ஒன்று மோதாமல், நடுவில் துணி வைத்து எடுத்தால் எவ்வளவு கேட்குமோ அவ்வளவுதான். இன்று காலை வரைக்கும் அவர் காதில் அது விழுந்திருக்காது.

ஜெயவேல் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். நாலு வருஷமாக அவர் குடிக்கவில்லை. நாலு வருஷமாக அவர் ஸ்டாண்டை மெதுவாகப் போட்டதும் இல்லை. அந்த வீட்டில் இருந்த நிம்மதி அவ்வளவுதான், ஒரு ஸ்டாண்டு சத்தத்தின்மேல் நின்றிருந்தது. அவரோ மன்னிப்பு என்று நினைத்திருந்தார்.

மொபெட்டைத் தூக்கி ஸ்டாண்டிலிருந்து இறக்கினார். ஓங்கி உதைத்து மறுபடி போட்டார். தடால்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் டிவி பாடியது. அதற்கப்புறம்தான் அவர் கதவிடுக்கில் கையை விட்டு, கயிற்றை அவிழ்த்துக் கதவைத் திறந்தார்.

பச்சையம்மா கையில் நாலு தட்டுகள் இருந்தன. முந்தானையில் சுற்றியிருந்தன.

"தொடச்சிகினு இருந்தேன்" என்றாள்.

யசோதரா தரையில் உட்கார்ந்திருந்தாள். மடிக்கணினி மூடியிருந்தது.

"இன்னா நைனா, ரெண்டு வாட்டி ஸ்டாண்டு போட்ட?"

"மொத வாட்டி சரியா நிக்கலமா."

பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தார். அவள் அதைப் பிரிக்கவில்லை. அவரை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. மூன்று வருஷம் அந்தக் கேமை யாருக்காகச் செய்தாள் என்பது அவருக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

"இன்னிக்கி கமிட்டில இன்னா கேம் பாத்த, நைனா?"

பதினோராவது வாக்கியம் அவர் தொண்டை வரைக்கும் வந்தது. பச்சையம்மா தட்டுகளை வைக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

"கரடி" என்றார் ஜெயவேல்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லமா. கரடி மட்டுந்தான்."

யசோதரா தலையை ஆட்டினாள். பொட்டலத்தைப் பிரித்து ஒரு பக்கோடாவை எடுத்துத் தொட்டுப் பார்த்தாள்.

"சூடாதான் கீது" என்று சொல்லிவிட்டு, எடுத்ததைத் திரும்பப் பொட்டலத்திலேயே வைத்தாள்.